ஒரே ஒரு சோறு இருந்தால் பதம் பார்ப்பது எப்படி?



போன இதழில் நெல்லிக்காய் ஊறுகாய் கெடாமல் இருக்க வழி சொல்லியிருந்தேன். இந்தத் தடவை அந்த ஊறுகாயைக் கடிக்கிற பல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் நம் சொந்தப் பல் அல்ல. டாக்டர் வைக்கிற பல்!

எங்கள் அண்ணன் சம்சாரம், எனக்கு மதினி, சின்னமனூரில் இருக்கிறார். வயது 56. வெற்றிலைக் கொடிக்கால் உள்ள வீடு. வெற்றிலைக்குப் பஞ்சமா? அதோடு புகையிலையும் சேர்ந்துகொண்டது. கூடவே சர்க்கரை வியாதியும் வந்து ஈறெல்லாம் கெட்டு, கீழ்வரிசைக் கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன. நாலு வருஷத்துக்கு முன் ஓரிடத்தில் 'இம்ப்ளான்ட்' என்று தாடை எலும்பில் ஆணி இறக்கி ஒரு பல் கட்டிக்கொண்டார். அடகு வைத்த சங்கிலியை மீட்கவே ஒன்றரை வருஷம் ஆயிற்று.

போன தை மாதம், பொங்கல் கழிந்து நாலாம் நாள், காலை இட்லி சாப்பிடும்போது 'டக்'கென்று ஒரு சத்தம். பல் கையோடு வந்துவிட்டது, அடியில் ஒடிந்த உலோகத்தோடு!

போன் போட்டு அழாத குறைதான். "ஏ தாயி, கல்லைக் கடிச்சேன், கரும்பைக் கடிச்சேன்னாலும் ஒரு நியாயம் இருக்கு. இட்லிக்கு ஒடியுமா? ஊருல சொன்னாச் சிரிப்பாகளே!"

அதற்குள் முன்வரிசையில் மிஞ்சியிருந்த பற்களும் ஆட ஆரம்பித்திருந்தன. அவற்றையும் எடுத்தாயிற்று. கீழ்த்தாடை முழுக்க வெறும் ஈறு. செட்டுப் பல் வைத்துக் கொடுத்தார்கள். அது பேசும்போது ஒரு பக்கம், மெல்லும்போது ஒரு பக்கம் நழுவியது. 'பல் போனால் சொல் போச்சு' என்பார்கள். மதினிக்குச் சொல் போகவில்லை, சோறுதான் போயிற்று. கஞ்சியும் கரைத்த ரசஞ்சோறுமாக ரெண்டே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

சரி என்று ஒரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக மதுரைக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு பல் டாக்டரம்மா. சின்ன வயசுதான்; ஆனால் பொறுமை ஜாஸ்தி. ஒடிந்த துண்டை வாங்கி பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, இது இட்லிக்கு ஒடியலை. நாலு வருஷமாச் சாப்பிட்ட சாப்பாட்டுக்கெல்லாம் சேர்த்து ஒடிஞ்சிருக்கு" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். வாளிக் கைப்பிடிக் கம்பியை ஒரு தரம் வளைத்தால் ஒடியுமா? ஒடியாது. அதையே இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால்? ஐம்பதாவது தரம், விரல் பலத்துக்கே பொட்டென்று போகும். உலோகத்துக்கும் களைப்பு உண்டு. முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழும். ஒவ்வொரு மெல்லலிலும் அது இம்மி இம்மியாக வளரும். மிச்சமிருக்கிற உலோகம் தாங்க முடியாத நாளில் இட்லி போதும், பழி அதன் மேல் விழும்!

இன்னொரு காரணமும் சொன்னார். ஈறு நோயால் ஆணியைச் சுற்றியிருந்த எலும்பு கீழே இறங்கிவிட்டிருந்ததாம். ஆழமாக நட்ட வேலிக்கால் மண் அரித்துப்போனால் எப்படி ஆடும்? வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பாகம் கூடக் கூட, நெம்புகிற வேகமும் கூடும். ஆணியின் கழுத்து அந்த இடத்தில்தான் ஒடிந்திருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார் மெத்தை மாதிரி ஒன்று உண்டு. சோற்றில் கல் அகப்பட்டால் சட்டென்று வாயை நிறுத்துகிறோமே, அந்த உணர்ச்சி அங்கிருந்துதான் வருகிறது. இம்ப்ளான்ட்டுக்கு அந்த மெத்தை கிடையாது. எலும்போடு நேரே ஒட்டிக்கொள்கிறது. அதனால் அளவுக்கு மீறி அழுத்தினாலும் லேசில் தெரியாது. கடைவாயில் பலம்கொண்ட மட்டும் கடித்தால் ஐம்பது, அறுபது கிலோ எடைக்குச் சமமான அழுத்தம்கூட விழுமாம். ஒரு சிமென்ட் மூட்டையை ஒற்றை ஆணி தாங்குகிற மாதிரி!

இந்த ஆணிகளைச் செய்கிற உலோகத்துக்கு டைட்டானியம் என்று பெயர். இதன் தாதுமணல் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடைக்கிறது என்றால் ஆச்சரியமாக இல்லை? 1952-இல் ஸ்வீடன் தேசத்து டாக்டர் ப்ரோனமார்க், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக முயலின் காலில் டைட்டானியக் குழாய் ஒன்றை வைத்தார். ஆராய்ச்சி முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை; எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. அந்த அதிர்ஷ்டத்திலிருந்து பிறந்ததுதான் இந்தச் சிகிச்சை. 1965-இல் அவர் முதன்முதலாக ஒரு மனிதருக்கு வைத்த ஆணிகள், 2006-இல் அந்த மனிதர் காலமாகும்வரை வாயிலேயே இருந்தன. ஆக, நன்றாக வைத்து, நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாற்பது வருஷமும் தாங்கும்.

மதினிக்கு வருவோம். கடைவாய்ப் பக்கம் தாடை எலும்பு தேய்ந்து மெலிந்துவிட்டது. சாதாரண ஆணி இறக்க இடமில்லை. வேறொரு இடத்தில் மதினிக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள். ஸ்கேன் எடுத்து, அவர் தாடைக்கென்றே அளவெடுத்து, முப்பரிமாண அச்சில் ஒரு டைட்டானியச் சட்டம் செய்து, எலும்பின் மேல் உட்கார வைத்து முடுக்கிவிடுவார்களாம். அதன் மேல் பல் வரிசை. "டெய்லர்கிட்ட அளவு ஜாக்கெட் தைக்கிற மாதிரி" என்றார்களாம்.

எலும்பு மேல் சட்டம் வைப்பது புதிய யோசனை அல்ல என்றார் டாக்டரம்மா. 1940-களிலேயே ஸ்வீடனில் தொடங்கியது. அப்போது ஈறைத் திறந்து எலும்பிலேயே அச்செடுத்து வார்ப்பார்கள். பலருக்குச் சீழ் வைத்து, ஆட்டம் கண்டு, மெல்ல வழக்கொழிந்தது. இப்போது ஸ்கேனும் அச்சு இயந்திரமும் வந்த பிறகு மறுபடி தலையெடுத்திருக்கிறது. 2021-இல் கொரோனாவின் பின்னால் கறுப்புப் பூஞ்சை நோய் வந்ததே, ஞாபகமிருக்கிறதா? அதில் மேல்தாடையையே இழந்தவர்களில் சிலருக்கு நம் நாட்டிலும் இப்படி அளவெடுத்து அச்சிட்ட டைட்டானியம்தான் மறுபடி முகத்தையும் பல்லையும் தந்தது.

அச்சிடுவது என்றால் காகிதத்தில் அல்ல. மாவைவிட நைஸான டைட்டானியப் பொடியைத் தட்டில் மெல்லிசாகப் பரப்புவார்கள். பெரும்பாலும் ஒரு தலைமுடியின் பருமனில் பாதி இருக்கும். லேசர் ஒளி வேண்டிய இடத்தில் மட்டும் கோலம் போடுவது போல ஓடி, பொடியை உருக்கி ஒட்டும். அதன் மேல் அடுத்த பரப்பு, அடுத்த கோலம். இப்படி நூற்றுக்கணக்கான அடுக்கு.

கேட்கும்போதே எனக்கு அடுப்படி ஞாபகம்தான் வந்தது. "அடுக்கடுக்காப் போட்டா நடுவுல காத்து நிக்காதா டாக்டர்? தோசைக்கே நிக்குதே!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான்! சரியா உருகாத இடத்துல பொடிப் பொடியா ஓட்டை நிக்கும். கீறல் அங்கேயிருந்துதான் கிளம்பும்."

ஆப்பத்தில் ஓட்டை அழகு. டைட்டானியத்தில் ஓட்டை ஆபத்து! மேல்பரப்பின் சொரசொரப்பும் அப்படித்தான். எலும்புக்கு அந்தச் சொரசொரப்பு பிடிக்கும், நன்றாக ஒட்டும். ஆனால் கழுத்துப் பகுதியில் அதே சொரசொரப்பு கீறலுக்கு வாசல் திறந்துவிடும். அதனால்தான் அச்சிட்டதும் உலையில் வைத்துச் சூடு காட்டி, உள்ளே நிற்கிற இறுக்கத்தைத் தளர்த்தி, வேண்டிய இடத்தை வழவழப்பாக்க வேண்டும். பலகாரம் வெந்தால் மட்டும் போதுமா? பக்குவமாக ஆறவும் வேண்டுமே.

அப்புறம்தான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "இது ஒடியாதுன்னு எப்படிச் சோதிக்கிறாங்க?"

சாதாரண ஆணிகளுக்கு உலகம் பூராவும் ஒரே சோதனை முறை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 14801 என்று அதற்கு எண். 2003-இல் முதலில் வந்து, 2016-இல் திருத்தப்பட்டது. அந்தச் சோதனையைக் கேளுங்கள், எத்தனை புத்திசாலித்தனம்!

ஆணியை எலும்பு போன்ற கெட்டிப் பொருளில் நட்டு இறுக்குவார்கள். நேராக அல்ல, 30 டிகிரி சாய்த்து. ஏனென்றால் நேராக அழுத்தினால் எதுவும் தாங்கும்; பக்கவாட்டு நெம்பல்தான் ஒடிக்கும். அதோடு, எலும்பு 3 மில்லிமீட்டர் இறங்கிவிட்டது போல அந்த அளவு ஆணியை வெளியே விட்டுத்தான் நடுவார்கள். மதினிக்கு நடந்ததே, மண் அரித்த வேலிக்கால், அந்த மோசமான நிலையை முன்கூட்டியே நினைத்துச் சோதிக்கிறார்கள்!

முதலில் சிலவற்றை ஒரே மூச்சில் அழுத்தி, எவ்வளவுக்கு ஒடிகிறது அல்லது வளைகிறது என்று பார்ப்பார்கள். பிறகு அதில் ஏறக்குறைய 80 சதவீத அழுத்தத்தில் தொடங்கி, அழுத்தம் விட்டு அழுத்தம் கொடுப்பார்கள். ஒடிந்தால் அழுத்தத்தைக் குறைத்து வேறு ஆணிகள். இப்படியே குறைத்துக்கொண்டு போய், எந்த அழுத்தத்தில் 50 லட்சம் தடவை மெல்லியும் மூன்று ஆணிகள் ஒடியாமல் நிற்கின்றனவோ, அதுதான் அந்த ஆணியின் தாக்குப்பிடிக்கும் எல்லை. செகண்டுக்கு 15 தடவை வீதம் போனாலும் 50 லட்சத்துக்கு ஏறக்குறைய நாலு நாள் ஆகும். வாயைப் போல 37 டிகிரி சூட்டில் உப்புநீரில் வைத்துச் செய்தால் செகண்டுக்கு 2 தடவைதான். 20 லட்சம் தடவை. அதற்குப் பதினொன்றரை நாள் இரவு பகலாக இயந்திரம் மெல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து நானே ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். மூணு வேளைக்கும் சேர்த்து அறுபது கவளம். கவளத்துக்கு இருபது மெல்லல். ஆக, நாளைக்கு 1,200. வருஷத்துக்கு 4 லட்சத்து 38 ஆயிரம். 50 லட்சம் என்பது பதினோரு வருஷத்து மெல்லல்! ஆனால் அதற்காக 'பதினோரு வருஷ கியாரண்டி' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு ஆணியை இன்னொரு ஆணியோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்தச் சோதனை. அவரவர் வாயில் எத்தனை வருஷம் நிற்கும் என்று ஜோசியம் சொல்ல அல்ல.

இங்கேதான் சிக்கல். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். கம்பெனி ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி ஆணி செய்கிறது. அதில் சிலதை எடுத்து ஒடித்துப் பார்த்தால் மிச்சத்தை நம்பலாம். ஆனால் மதினியின் சட்டம்? உலகத்திலேயே அது ஒன்றுதான்! பானையில் இருப்பதே ஒரு சோறு. அதை நசுக்கிப் பதம் பார்த்துவிட்டால் சாப்பிட எது மிஞ்சும்?

"ரெண்டா அச்சடிச்சு ஒண்ணை ஒடிச்சுப் பார்த்தா என்ன?" என்றேன்.

"பார்க்கலாம். ஆனா ஒண்ணு ஒடிச்சாப் போதாது, பல துண்டு வேணும். செலவு தாங்காது. அதுக்குத்தான் வேற வழி வெச்சிருக்காங்க" என்றார் டாக்டரம்மா. மூன்று வழி சொன்னார்.

ஒன்று, கம்ப்யூட்டர் கணக்கு. சட்டத்தின் படத்தின் மேல் கடிக்கிற அழுத்தத்தை ஏற்றி, எந்த வளைவில் பாரம் ஜாஸ்தி விழுகிறது என்று பார்த்து, அங்கே பருமனைக் கூட்டுவது.

ரெண்டு, மோசமான உருவத்தைச் சோதிப்பது. கம்பெனி செய்யக்கூடிய சட்டங்களிலேயே மெலிதானது, நீளமானது எதுவோ அதை அச்சிட்டு இயந்திரத்தில் ஒடிப்பது. அது தாங்கினால் அதைவிடக் கெட்டியானவை தாங்கும்.

மூன்று, எனக்குப் பிடித்தது, சாட்சித் துண்டு. மதினியின் சட்டத்தை அச்சிடும் அதே தட்டில், அதே பொடியில், பக்கத்திலேயே சின்னச் சின்னக் கம்பிகளையும் அச்சிடுவது. அவற்றை இழுத்து ஒடித்து, அறுத்து உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. சட்டத்தைத் தொடாமலே அதன் உலோகம் எப்படி என்று தெரிந்துவிடும். ஒரே சோறு இருந்தாலும், அதே பானையில் கூட நாலு பருக்கை போட்டு வேகவைத்துவிட்டால் பதம் பார்க்கலாம் அல்லவா?

ஆனால் கம்ப்யூட்டர் கணக்கு மட்டும் போதாது. படத்தில் ஓட்டை விழாது, உலோகத்தில் விழும். திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் நம் நாட்டு இருதய வால்வு செய்தார்களே, அந்தக் கதை தெரியுமா? முதல் மூன்று மாதிரிகளும் சோதனைகளில் தோற்றன. நாலாவது மாதிரிதான் தேறி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. அந்த மூன்றும் சோதனைச்சாலையில் தோற்றது எத்தனை குடும்பங்களின் புண்ணியம்!

டாக்டரம்மா அந்தச் சட்டம் செய்யும் இடத்துக்கு எழுதிக் கேட்டார். உலோகத்தின் பேர் என்ன, சூடு காட்டினீர்களா, சாட்சித் துண்டின் முடிவு எங்கே, எந்த உருவத்தை ஒடித்துப் பார்த்தீர்கள்? மூன்று வாரம் கழித்து வண்ண வண்ணமாக ஒரு கம்ப்யூட்டர் படம் மட்டும் வந்தது. ஒடித்துப் பார்த்த தாள் ஒன்றுகூட வரவில்லை.

மதினி சங்கிலியைத் தடவிக்கொண்டே இருந்தார். மறுபடியும் அதை விற்கத் தயாராகத்தான் வந்திருந்தார். "படத்தைப் பார்த்தா வயிறு நெறையுமா தாயி? இன்னொரு தரம் ஒடிஞ்சா தாங்குற தெம்பு எனக்கு இல்லை" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் நிற்கிறது.

டாக்டரம்மா மறுபடி ஸ்கேனைப் பார்த்தார். கடைவாயில்தான் எலும்பு இல்லை. முன்னால், மோவாய்ப் பக்கம், போதுமான அளவு இருந்தது. பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு, முன்பக்கம் ரெண்டு சாதாரண ஆணி வைத்து, அதன் மேல் பொத்தான் போல மாட்டுகிற செட்டுப் பல் பொருத்துவதே முதலில் யோசிக்க வேண்டிய சிகிச்சை என்று 2002-இலேயே கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொல்லியிருக்கிறார்களாம். நன்றாகச் சோதிக்கப்பட்ட ஆணி, செலவும் குறைவு. ராத்திரி கழற்றிக் கழுவி வைக்கலாம்.

அதையே செய்தோம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, புகையிலையை நிறுத்திய பிறகுதான் டாக்டரம்மா கையே வைத்தார். எலும்பு பிடிக்க மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். போன வாரம் மதினி வீட்டுக்குப் போனேன். கம்பம் பன்னீர்த் திராட்சை ஒரு கொத்தும், வறுத்த கறியும் எதிரில். "நழுவலை தாயி" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அச்சிட்ட பல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் புதிய முறைக்கு நீண்ட வருஷக் கணக்கு இன்னும் சேரவில்லை. ஆகவே கேள்வி கேட்பது நம் கடமை. கத்தரிக்காயையே திருப்பிப் பார்த்து வாங்குகிற நாம், உடம்புக்குள் வைக்கிற பொருளைக் கேட்காமல் வாங்கலாமா?

டாக்டரிடம் கேட்க வேண்டியவை:

1. எனக்கு வேறு எளிய வழி உண்டா? எலும்பு எங்கெங்கே மிச்சம் இருக்கிறது?

2. ஆணியோ சட்டமோ செய்த கம்பெனிக்கு, 2017-ஆம் வருஷத்து மருத்துவ சாதன விதிகளின்படி உரிமம் உண்டா?

3. சாதாரண ஆணி என்றால், ஐ.எஸ்.ஓ. 14801 சோதனை செய்ததா?

4. அளவெடுத்து அச்சிட்டது என்றால், சாட்சித் துண்டு ஒடித்துப் பார்த்த தாள் எங்கே? எந்த மோசமான உருவத்தைச் சோதித்தார்கள்?

5. கம்பெனிப் பெயரும் தயாரிப்பு எண்ணும் எழுதிய அட்டை தருவீர்களா? (இதை ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். பின்னால் ஏதாவது ஒடிந்தால் அதே பாகம் கிடைக்க இதுதான் ஆதாரம்.)

வைத்த பிறகு செய்ய வேண்டியவை: ஈறோரத்தைத் தினமும் மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள். எலும்பு இறங்குவது எக்ஸ்ரேயில்தான் தெரியும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கென்று உறை உண்டு. செட்டோ பல்லோ லேசாக ஆடினால் அன்றைக்கே போங்கள். ஆட்டம் என்பது ஒடிவதற்கு முன் வருகிற தந்தி.

இளம் தாய்மார்களே, உங்களுக்கு ஒன்று. குழந்தைக்கு ஆறு வயதில் பால்பல்லுக்குப் பின்னால் ஓசைப்படாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். பலர் அதையும் பால்பல் என்றே நினைத்து, சொத்தை விழுந்தாலும் 'விழுந்து முளைக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல், போனால் வராது. இன்று ராத்திரியே பிள்ளையின் வாயைத் திறந்து பாருங்கள்.

எந்த இயந்திரமும் சோதிக்காமலே ஆயுள் பூராவும் உழைக்கிற பல் அது ஒன்றுதானே!

அடுத்த இதழில் சந்திப்போம்.